பள்ளியறைச் சுவரிலிருந்து அனிமே திரைக்கு

எழுத்தில் உள்ள பெருங்கதையைப் படங்களின் வரிசையாக மாற்றிச் சொல்லும் கலை கேரளத்துக்குப் பழக்கமானது. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையில், மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் ஏறக்குறைய 300 சதுர அடிப் பரப்பில் ராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. தசரதன் பிள்ளை வரம் வேண்டிச் செய்த வேள்வியில் தொடங்கும் கதை, 48 ஓவியங்களைக் கடந்து, ராமனும் சீதையும் இலக்குவனும் அயோத்திக்குத் திரும்புவதில் முடிகிறது. 1990களின் தொடக்கத்தில் இதே கதையை ஜப்பானிய ஓவியர்கள் அனிமேஷன் படமாக வரைந்தார்கள். ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்ற அந்தப் படத்தின் மூன்று இயக்குநர்களில் ஒருவரான ராம் மோகன், 1931இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தவர். பழைய இலக்கியங்களை ‘அனிமே’ எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் எப்படிக் கையாள்கிறது என்பதை, இந்தச் சுவரையும் இந்தப் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாக விளங்கிக்கொள்ளலாம்.

மட்டாஞ்சேரி அரண்மனையைப் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மனுக்கு அளித்தவர்கள் போர்ச்சுக்கீசியர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்து விரிவாக்கினார்கள். இன்றும் ஊரார் அதை டச்சுக் கொட்டாரம் என்றே சொல்கிறார்கள். கட்டியவர்கள் ஐரோப்பியர் என்றாலும் அமைப்பு, முற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் கொண்ட கேரள நாலுகெட்டு. நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில் இருக்கிறது. மேல்மாடியின் தென்மேற்கு மூலையில், தாழ்ந்த மரக்கூரைக்குக் கீழே பள்ளியறை. ராமாயணம் இங்கேதான் இருக்கிறது. மற்ற அறைகளில் பள்ளிகொண்ட திருமால், கோவர்த்தனத்தைத் தூக்கும் கண்ணன், ராமனின் பட்டாபிஷேகம், காளிதாசனின் குமாரசம்பவக் காட்சிகள் ஆகியவை வெவ்வேறு காலங்களில் தீட்டப்பட்டன. பாதியில் நின்றுபோன ஓவியமும் ஒன்று உண்டு.

கேரளச் சுவரோவியத்தின் வேலைமுறை மிகுந்த பொறுமையைக் கேட்பது. சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சைச் சுவரில் ஏற்றி, அது உலர்ந்த பிறகு, இளநீரில் கரைத்த சுண்ணாம்பைப் பல முறை பூசி வெண்தளம் அமைப்பார்கள். அதன்மேல் கோடுகளை இழுத்து, பிறகு வண்ணம் ஏற்றுவார்கள். மஞ்சளும் சிவப்பும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் கிடைத்தன. பச்சை செடிச்சாறுகளிலிருந்தும், கறுப்பு எண்ணெய் விளக்கின் கரியிலிருந்தும் கிடைத்தன. வெண்தளமே வெள்ளையாக நின்றது. வேப்பம்பிசின் வண்ணத்தைச் சுவரோடு பிணைத்தது. எந்த வண்ணம் யாருக்கு என்பதற்கும் விதி இருந்தது. சாத்துவிகக் குணமுள்ளோருக்குப் பச்சை, ராஜசக் குணத்துக்குச் சிவப்பு அல்லது பொன்மஞ்சள், தாமசக் குணத்துக்குக் கறுப்பு. கதகளி பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபடும். பாத்திரம் சுவரில் தோன்றும்போதே அதன் இயல்பு பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. பாத்திரத்தின் கண், முடி, உடை ஆகியவற்றிலேயே குணத்தை உணர்த்திவிடும் அனிமே வடிவமைப்பாளரின் வேலையும் இதுதான்.

பள்ளியறை ஓவியங்களில் வெற்றிடம் என்பதே கிடையாது. ஆட்களும் மரங்களும் விலங்குகளும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒரே பரப்பில் ஒரே பாத்திரம் மீண்டும் மீண்டும் வருகிறது. இங்கே நின்றவர் அங்கே நடக்கிறார், அதற்கப்பால் வில்லை வளைக்கிறார். காலத்தை இடமாக மாற்றும் உத்தி இது. ஓவியம் அசைவதில்லை, பார்ப்பவரின் கண்ணும் காலும் நகர்ந்து கதையை நடத்துகின்றன.

இந்த ஓவியர்கள் எந்த ராமாயணத்தைத் தீட்டினார்கள் என்பது இன்னும் முக்கியமானது. கடைசி ஐந்து காட்சிகள் மலையாளக் கவிஞர் துஞ்சத்து எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டைப் பின்பற்றியவை. கர்க்கடக மாதத்தில் கேரள வீடுகளில் இன்றும் வாசிக்கப்படும் நூல் அது. அதாவது, அந்தக் காட்சிகளில் ஓவியர்கள் வடமொழி மூலத்தைத் தேடிப் போகாமல், தம் மண்ணில் தம் மொழியில் பாடப்பட்ட கதையைச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கதையில் ராமன் பரம்பொருளாகவே காட்சி தருகிறான். அணிகலன்களும் முடிகளும் கேரளக் கோயிற்கலையைச் சேர்ந்தவை. இலக்கியத்தைப் படமாக்குவோர் எல்லோரும் சந்திக்கும் முதல் கேள்விக்கு மட்டாஞ்சேரி தந்த விடை இது: கதை ஒன்றாக இருந்தாலும், யார் சொன்ன கதையை நம்பி வரைவது என்பதை வரைபவரே தீர்மானிக்க வேண்டும்.

ஜப்பானுக்கும் இத்தகைய முன்னோர் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே நீண்ட தாள்சுருள்களில் கதைகளை வரைந்தார்கள். வலமிருந்து இடமாகச் சுருளை அவிழ்க்க அவிழ்க்கக் கதை நகரும். ஒரே ஆள் ஒரே காட்சியில் பலமுறை தோன்றுவார். அனிமே இயக்குநர் இசாவோ தகாஹாத்தா இந்தச் சுருள்களைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் அனிமேஷன் என்றே கருதி, 1999இல் ஒரு நூல் முழுதும் அதைப் பற்றி எழுதினார். அவர் பேசியது தம் நாட்டுச் சுருள்களைப் பற்றித்தான். ஆனால் அந்தப் பார்வையோடு மட்டாஞ்சேரிப் பள்ளியறைக்குள் நுழைபவர், நான்கு பக்கமும் விரித்துவைத்த சுருளுக்குள் நிற்பதாகவே உணர முடியும்.

இலக்கியத்தைத் தொடர்ந்து அனிமேயாக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவரும் தகாஹாத்தாதான். 1974இல் அவர் இயக்கிய ‘ஹைடி’ 52 வாரங்கள் தொலைக்காட்சியில் ஓடியது. சுவிட்சர்லாந்து எழுத்தாளர் யோஹன்னா ஸ்பைரி 1880ஆம் ஆண்டையொட்டி எழுதிய சிறுவர் நாவல் அதன் மூலம். ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவோடு வாழும் ஓர் அநாதைச் சிறுமியின் கதை. பேய், போர், வில்லன் எதுவும் அதில் கிடையாது. இந்தத் தொடருக்காகக் குழுவினர் 1973இல் சுவிட்சர்லாந்துக்கே சென்று மலையையும் குடிசையையும் ஆட்டுமந்தையையும் பார்த்து வரைந்துகொண்டு வந்தார்கள். தொலைக்காட்சித் தொடரைச் சிக்கனமாக எடுத்து முடிப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், கதை நடக்கும் ஊரை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தது பெரிய செய்தி.

அந்தத் தொடரின் ஒவ்வொரு காட்சிக்கும் பாத்திரம் எங்கே நிற்கும், பின்னணி எப்படி அமையும், பார்வை எந்தக் கோணத்திலிருந்து விழும் என்பதை முன்கூட்டியே வரைந்து கொடுத்தவர் ஹயாவோ மியாசாகி. ‘லேஅவுட்’ எனப்படும் இந்தப் பணியை ஒரே கையில் ஒப்படைத்ததால், பல ஓவியர்கள் வரைந்தும் தொடர் முழுவதும் ஒரே மலை, ஒரே வீடு, ஒரே வெளிச்சமாக இருந்தது.

அனிமேயின் தொழில்முறையே இலக்கியத்துக்கு ஒருவகையில் துணை செய்கிறது. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் வரைவது பெருஞ்செலவு. ஆகவே ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயில் பெரும்பாலும் ஒரு படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்துவார்கள். ஒருவர் பேசும்போது வாய் மட்டும் அசையும். 1963இல் ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ காலத்தில் பணமும் நேரமும் போதாததால் பரவிய சிக்கனம் இது. நல்ல இயக்குநர்கள் இதையே பலமாக்கிக்கொண்டார்கள். பாத்திரம் அசையாமல் நிற்கும் நேரத்தில் பின்னணி பேசத் தொடங்குகிறது. மழை, புல், சன்னலில் விழும் வெயில் ஆகியவற்றின்மீது பார்வை தங்குகிறது. நாவலாசிரியர் ஒரு பத்தி முழுக்க விவரிக்கும் சூழலுக்கும் மனநிலைக்கும் இப்படித் திரையில் இடம் கிடைத்துவிடுகிறது. வாரம் ஒருமுறையாக ஓராண்டு ஓடும் தொடரில் அத்தியாயங்களைச் சுருக்கவும் தேவையில்லை. இரண்டு மணி நேரப் படத்துக்குக் கிடைக்காத பெரிய வசதி அது.

ஹைடிக்குப் பிறகு ‘உலகத் தலைசிறந்த படைப்புகளின் அரங்கு’ என்ற பொருளில் பெயர் பெற்ற தொடர்வரிசை வளர்ந்தது. நிப்பான் அனிமேஷன் நிறுவனம் ஆண்டுக்கொரு நூலை எடுத்துக்கொண்டது. 1975இல் ‘ஃப்ளாண்டர்ஸ் நாய்’, 1976இல் தாயைத் தேடி அர்ஜென்டினாவுக்குப் போகும் இத்தாலியச் சிறுவனின் கதை, 1979இல் ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ என்று அது நீண்டது. பின்னாளில் விக்தோர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ல’ நாவலும் 2007இல் 52 பகுதிகளாக வந்தது.

இந்தியக் குழந்தைகள் இலக்கிய அனிமேயை முதலில் கண்டது தூர்தர்ஷனில். கிப்ளிங் 1894இலும் 1895இலும் வெளியிட்ட ‘ஜங்கிள் புக்’ நூல்களை நிப்பான் அனிமேஷன் 1989இல் 52 பகுதித் தொடராக்கியது. 1990களில் அது இந்தியில் வந்தபோது, குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த தலைப்புப் பாடல் வீடுதோறும் ஒலித்தது. புலி ஷேர்கானுக்குக் குரல் கொடுத்தவர் நானா படேகர். கிப்ளிங்கின் நூல்களில் மோக்லியின் கதைகளோடு அவனுக்குத் தொடர்பில்லாத கதைகளும் உண்டு.  அனிமே மோக்லியை மையமாக வைத்து, துண்டு துண்டான கதைகளை ஒரே வாழ்க்கையாகத் தொடுத்தது. மத்திய இந்தியக் காட்டில் நடப்பதாக இங்கிலாந்துக்காரர் எழுதிய கதை, ஜப்பானியர் வரைந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பயணம் இது. அது ஜப்பானியப் படம் என்று அறியாமலே பார்த்து வளர்ந்தவர்கள் ஏராளம்.

தம் நாட்டுச் செவ்வியல் நூல்களைத் தொடும்போது ஜப்பானியர் இன்னும் துணிச்சலாக நடந்துகொள்கிறார்கள். மூங்கிலுக்குள் கிடைத்த பெண்குழந்தையைப் பற்றிய ஆயிரமாண்டுப் பழைய கதையைத் தகாஹாத்தா 2013இல் ‘இளவரசி ககுயா’வாக எடுத்தார். கரிக்கோடும் நீர்வண்ணமும் தெரியும்படியே விட்டு, வரைந்து முடிக்காத ஓவியம் அசைவதைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்; அதற்கு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின. நவோகோ யமாதா 2021இல் இயக்கிய ‘ஹெய்கே’ தொடரோ, பீவா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டிப் பார்வையற்ற பாணர்கள் ஊர் ஊராகப் பாடிப் பரப்பிய போர்க்காவியத்திலிருந்து பிறந்தது. மூலத்தில் இல்லாத ஒரு சிறுமியை அது படைத்து, அவள் பீவா மீட்டிக் கதை சொல்வதாக அமைத்தது. காவியத்தைப் பாடிய மரபையே ஒரு பாத்திரமாக்கிய அருமையான முடிவு இது. எழுத்தச்சன் கிளியைப் பாடவைத்து ராமகதை சொன்னதை அறிந்தவர்களுக்கு இந்த உத்தி நெருக்கமாகவே இருக்கும்.

இனி ராமாயணப் படம். 1980களின் தொடக்கத்தில், ராமாயணத்தோடு தொடர்புடைய இடங்களில் தொல்லியலாளர் பி. பி. லால் நடத்திய அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார் ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோ. அந்த வேலையின்போது ராமாயணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஜப்பானிய மொழியில் அதைப் படித்தார். பிறகு பல ராமாயணங்களைத் தேடிப் படித்தார். மனிதனும் தெய்வமும் குரங்கும் அரக்கனும் கலந்த இந்தக் கதையில் நடிகர்கள் நடிப்பதைவிட அனிமேஷனே பொருந்தும் என்ற முடிவுக்கு வந்தார். அந்த முடிவு சரியானது. அனுமன் கடலைத் தாண்டுவதும் கும்பகருணன் எழுந்து நிற்பதும் நடிகர்களின் படத்தில் தந்திரக் காட்சிகளாகத் தனித்துத் தெரியும். அனிமேஷனில் மனிதனும் மலையும் ஒரே கையின் கோட்டில் பிறப்பதால் அந்த வேறுபாடு எழுவதில்லை.

எதிர்ப்பும் வந்தது. வெளிநாட்டவர் ராமாயணத்தைத் தம் விருப்பப்படி படமாக்கக் கூடாது என்று விசுவ இந்து பரிஷத் டெல்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்கு எழுதியது. இந்தியாவோடு கூட்டாகத் தயாரிக்கும் திட்டத்துக்கும் அரசின் இசைவு கிடைக்கவில்லை. புனிதக் கதையைக் கார்ட்டூனாக்குவதா என்ற தயக்கம் அதற்கு ஒரு காரணம். ஆகவே தயாரிப்பு ஜப்பானிலேயே நடந்தது. சாகோவோடு கோயிச்சி சசாகியும் ராம் மோகனும் இயக்கினார்கள். ஏறக்குறைய 450 ஓவியர்கள் உழைத்தார்கள். கணினி இன்னும் நுழையாத காலம் என்பதால், ஒளி ஊடுருவும் தாள்களில் சுமார் ஒரு லட்சம் படங்கள் கையால் வரைந்து வண்ணமிடப்பட்டன. இசை வன்ராஜ் பாட்டியாவுடையது.

ராம் மோகனின் பங்கை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். 1956இல் மும்பையில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தவர் அவர். டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் அங்கே பயிற்சி கொடுத்தார். இந்திய அனிமேஷனின் தந்தை என்று போற்றப்பட்டு, 2014இல் பத்மஸ்ரீ பெற்று, 2019இல் மறைந்தார். ராமாயணப் படத்துக்காக, வேட்டியின் மடிப்பு எப்படி விழும், பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி பெறுவார்கள் போன்ற நுட்பங்களை இந்தியக் கலைஞர்கள் ஜப்பானியர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். வேட்டி மடிப்பு கதையில் எழுதப்பட்டிராத ஒன்று. ஆனால் அது தவறினால் அயோத்தி அயோத்தியாக இருக்காது. மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்பதன் பெரும்பகுதி இப்படிப்பட்ட சின்னஞ்சிறு உழைப்புகளில்தான் அடங்கியிருக்கிறது.

135 நிமிடப் படத்தில் ஏழு காண்டங்களும் அடங்காது. விசுவாமித்திரர் வந்து இளைஞன் ராமனை அழைத்துப்போவதிலிருந்து படம் தொடங்குகிறது. உத்தர காண்டம் இல்லை. கைகேயி வரம் கேட்கும் பகுதியும் வனவாசத்தின் முன்பாதியும் விரைந்து கடந்துபோகின்றன. அங்கே நின்று அழ விரும்புபவர்களுக்கு இது குறைதான். காட்டிலும் கடற்கரையிலும் போர்க்களத்திலும் படம் நேரம் எடுத்துக்கொள்கிறது. அதன் உயரமும் அந்தப் பகுதிகளில்தான் தெரிகிறது. மட்டாஞ்சேரி ஓவியர்கள் ராமனைப் பரம்பொருளாகக் கண்டார்கள். சாகோ, படத்தின் தலைப்பு சொல்வதுபோல, இளவரசனாகவே கண்டார். இரண்டும் ராமாயண மரபுக்குள் இடமுள்ள பார்வைகளே. பிரிவையும் போரையும் தாங்கி நிற்கும் ஓர் இளைஞனின் கதையாக எடுத்ததால்தான், ராமனை முன்பின் அறியாத நாட்டுக் குழந்தைகளுக்கும் அது புரிந்தது.

1993இல் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. அதற்கு முந்தைய மாதம்தான், 1992 டிசம்பர் 6 அன்று, பாபர் மசூதி இடிக்கப்பட்டிருந்தது. நாடு கொந்தளித்திருந்த அந்த வேளையில், யாரையும் புண்படுத்தாத இந்தப் படத்துக்கு இந்தியாவில் பரவலான திரையரங்கு வெளியீடு அமையவில்லை. இந்தியில் ராமனுக்கு அருண் கோவிலும் ராவணனுக்கு அம்ரீஷ் புரியும் குரல் கொடுத்த வடிவம், தொலைக்காட்சி வழியாகவே வீடுகளைச் சென்றடைந்தது. அமெரிக்க வடிவத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் கதைசொல்லியாகவும், பிரையன் கிரான்ஸ்டன் ராமனாகவும் பேசினார்கள். சாகோ 2012இல் காலமானார். படம் தெளிவு கூட்டப்பட்டு, 2025 ஜனவரி 24 அன்று இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது, தமிழிலும் தெலுங்கிலும் புதிய டப்பிங் செய்யப்பட்டிருந்தது. தமிழ்க் குழந்தைகள் அதைத் தம் மொழியில் கேட்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆனால் அந்தத் தமிழ்ப் பேச்சில் ஒலிக்கும் ராமாயணம் கம்பனுடையது அன்று. அசையும் படங்களாகக் கம்பனைக் காண வேண்டுமானால், மீண்டும் கேரளத்துக்குத்தான் போக வேண்டும். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பத்ரகாளி கோயில்களில், கூத்துமாடம் என்ற நிலையான அரங்கில் தோல்பாவைக் கூத்து நடக்கிறது. வெள்ளைத்திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள் எரியும். தோல்பாவைகளின் நிழல் திரையில் ஆடும். புலவர்கள் கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடி விளக்கம் சொல்வார்கள். சில கோயில்களில் இது 21 இரவுகள் தொடரும். அசுரன் தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைக் காணமுடியாமற்போன காளிக்காக இது ஆடப்படுவதாக நம்பிக்கை. இந்தக் கலையை இன்றுவரை காத்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நிழற்பாவைக்கும் அனிமேஷனுக்கும் உள்ள உறவு கற்பனையில் கட்டியது அன்று. இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம், ஜெர்மனியில் லோட்டெ ராய்னிகர் 1926இல் முடித்த ‘இளவரசன் அகமது’. ஆயிரத்தோரு இரவுகள் கதைகளிலிருந்து பிறந்த அந்தப் படம், தாளில் வெட்டிய நிழலுருவங்களாலேயே ஆனது. செவ்வியல் இலக்கியமும் நிழலும் அசைவும் அனிமேஷனின் தொடக்கத்திலேயே சேர்ந்து நின்றிருக்கின்றன.

பத்தாயிரம் பாடல்களுக்கு மேற்பட்ட கம்பராமாயணத்துக்கு, அதன் சொல்வளத்துக்கும் காட்சிச் செல்வத்துக்கும் ஏற்ற ஒரு முழு அனிமேஷன் ஆக்கம் தமிழில் இல்லை. கையும் தொழில்நுட்பமும் இல்லாததால் நேர்ந்த குறை அன்று இது. சென்னைக் கலைக்கூடங்களில் அனிமேஷன் கற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹைடிக்காகச் சுவிஸ் மலையேறியது போன்ற உழைப்பும், பாலக்காட்டுப் புலவர்களிடம் உட்கார்ந்து பாடம் கேட்கும் பணிவும் சேர வேண்டும். கம்பனின் ஆறு காண்டங்களையும் ஒருசேர எடுக்கத் தேவையில்லை. குகப் படலத்தையோ கும்பகருணன் வதைப் படலத்தையோ மட்டும் எடுத்துக்கொண்டு, கம்பன் பாடல்கள் ஒலிக்க, அரைமணி நேரப் படமாகச் செய்யலாம். தமிழ் அனிமேஷன் கலைஞர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பணம் போடக்கூடியவர்கள் முன்வர வேண்டும்.